அது ஏரி இல்லை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். ‘நலம்’ என்று எழுதப் போனேன், பேனா நகரவில்லை. அதனால் இருக்கிறோம் என்பதோடு விட்டுவிடு.

போனில் கேட்க வேண்டியதை இவள் ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் அழ ஆரம்பித்துவிடுகிறேன். நீ ‘சரிக்கா, சரிக்கா’ என்கிறாய். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எழுதினால் அழுகையை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்தைச் சொல்லலாம்.

பொடிசு நம்மை விட்டுப் போனபோது உன்னால் வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். உன் அத்தான்கூட, ‘அவன் என்ன செய்வான், அங்க அப்படித்தான்’ என்று உனக்காகப் பேசினார். நான் அதைக் கிளற வரவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று நீயும் முழுசாகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. விஷயம் உன் படிப்பைத் தொட்டு வருகிறது.

ஆஸ்பத்திரியில், கைகால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில், என் மகள் பொடிசோடு இன்னொரு பெண் வேலை பார்த்தாள். நகரத்துக்கு வெளியே புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் அவள் வீடு வாங்கியிருந்தாள். வாசலில் ஆள் உயர எழுத்தில் ‘ஏரிக்கரை வீடுகள்’ என்று போட்டிருக்கிறது. விளம்பரத்திலும் ஏரி. ஏரி பார்த்த பால்கனி என்றால் அதற்குத் தனி விலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொடிசையும் கூட வேலை பார்க்கும் இன்னும் சிலரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் போயிருக்கிறார்கள். அங்கே புல் வளர்த்திருக்கிறார்கள், பெஞ்சு போட்டிருக்கிறார்கள், தண்ணீர் ஓரம்வரை கல் பதித்த நடைபாதை இருக்கிறது. பொடிசு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாளாம். தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லையாம். திரும்பிப் பார்த்து, ‘வாங்கடி, ஆழமே இல்ல’ என்று சொன்னாளாம். அடுத்த அடியை வைத்த இடத்தில் தரை இல்லை.

தம்பி, அது பழைய கல்குவாரி. கல்லையெல்லாம் எடுத்துவிட்டுக் கைகழுவிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிரம்பியிருக்கிறது. ஓரத்தில் ஒரு பாறைத்திட்டு. அதைத் தாண்டினால் சுவர் மாதிரி நேராக இறங்குகிறது. பொடிசுக்கு நீச்சல் தெரியும். ஆஸ்பத்திரித் தொட்டியில் எத்தனையோ பேரை மிதக்க வைத்தவள். ஆனால் மேல்தண்ணீர்தான் வெதுவெதுப்பாம், உள்ளே ஐஸ் மாதிரி இருந்ததாம். பாறையில் பாசி. பிடித்து ஏற ஒரு பிடிமானம் இல்லை. கயிறு இல்லை, மிதவை இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. வாட்ச்மேன் இருந்தார், கார்களைப் பார்த்துக்கொள்ள.

வழக்குப் போட்டிருக்கிறோம். குடியிருப்புக்குள் ஏரி வைத்திருப்பவர் கரைக்குக் காவலாள் போட வேண்டும், கயிறும் மிதவையும் வைக்க வேண்டும், ஆழத்தை எழுதி வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அதற்குக் கட்டடக் கம்பெனி பதில் கொடுத்திருக்கிறது. அது ஏரியே இல்லையாம். ‘கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் தேங்கிய நீர்’ என்று எழுதியிருக்கிறார்கள். குழிக்கு அந்த விதி எதுவும் கிடையாது. இறங்குகிறவர் தன் பொறுப்பில் இறங்குகிறார். விற்கிறபோது ஏரி, என் பிள்ளை செத்த பிறகு குழி.

உலகத்துத் தண்ணீரையெல்லாம் இது ஏரி, இது குளம், இது குட்டை என்று பிரித்துப் பாடம் நடத்துகிற பேராசிரியர் நீ. சின்ன வயசில் பஸ்ஸில் போகும்போது தண்ணீருக்குப் பேர் சொல்லி விளையாடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? சொல் தீர்ந்தவர் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். நான் பொய்கை, தடாகம் வரைக்கும் தாக்குப்பிடிப்பேன். நீ ‘கயம்’ என்பாய். அப்படி ஒரு சொல்லே இல்லை, புளுகுகிறாய் என்று சண்டை பிடித்து, வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் இருக்கும். உன்னிடம் நான் ஜெயித்ததே இல்லை.

இப்போது உன் வாயால் ஒரு சொல் எனக்கு வேண்டும். ஏரி என்று பேர் வைத்து, ஏரி என்று விற்று, ஏரி என்று நம்பி ஜனங்கள் கால் வைத்தால் அதற்கு ஏரியின் விதிதான் பொருந்தும் என்று நீ ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக எங்கள் வக்கீலம்மா சொல்கிறார். இதனால் அவள் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர்களாக வைத்த பேரை அவர்களே இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு வரி போனில் வந்தது. ‘நான் இருக்கற இடத்துல கேஸ் விஷயத்துல தலையிட முடியாதுக்கா, புரிஞ்சுக்கோ’ என்று எழுதியிருக்கிறாய். புரிந்துகொண்டேன். புரிந்துகொள்வதுதான் இப்போது எனக்கு முழுநேர வேலை.

மற்றபடி கடைக்குப் போய்வருகிறேன். கண்ணாடிக் கடை வேலையில் ஒரு சௌகரியம், எதிரில் இருப்பவர் கண்ணைத்தான் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. போன வாரம் ஒருவர் வந்தார். தூரப்பார்வைக்குக் கண்ணாடி வேண்டுமாம். ஏரி பார்த்த மாதிரி வீடு வாங்கியிருக்கிறாராம், பால்கனியில் உட்கார்ந்தால் அக்கரை தெளிவாகத் தெரிய வேண்டுமாம். எந்த வீடு என்று நான் கேட்கவே இல்லை, அவரே சொன்னார். உள்ளே போய் அவர் லென்ஸை மெஷினில் வைத்து ஓரம் தேய்த்தேன். அந்த மெஷின் போடும் சத்தத்தில் யார் என்ன செய்தாலும் வெளியே கேட்காது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கண்ணாடியை அவர் காதில் மாட்டி, ‘எழுத்து தெரியுதா?’ என்று கேட்டேன். பிரமாதமாகத் தெரிகிறது என்றார்.

உன் அத்தானுக்கு இதைவிட மோசம். அந்தக் குடியிருப்பின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் காண்ட்ராக்ட் இவர் கம்பெனியிடம்தான் இருக்கிறது. வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆள் பற்றாக்குறை, அனுசரித்துப் போங்கள் என்றாராம் சூப்பர்வைசர். மொட்டைமாடியில் மோட்டார் அறை இருக்கிறது. அதன் ஜன்னல் அந்தத் தண்ணீரைப் பார்த்து இருக்கிறது. முதல் தடவை போய்விட்டு வந்தபோது இவர் விரலெல்லாம் பசை. ஜன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

விசாரணைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். கம்பெனி பெரிய வல்லுநர் யாரையோ கொண்டுவரப் போகிறதாம். எங்களிடம் விளம்பரப் படங்களும் அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணும்தான். அவளும் இப்போது போனை எடுப்பதில்லை. குடியிருப்பில் எல்லோரும் அவளைக் கரித்துக் கொட்டுகிறார்களாம், வழக்கால் வீட்டு விலை சரிகிறது என்று.

உன்னை வற்புறுத்தவில்லை. எழுதிக் கொடுக்க முடியாவிட்டால் போகிறது. விசாரணை நடக்கும் நாளில் ஒரு போன் செய். நான் எடுக்காவிட்டாலும் உன் அத்தானிடம் இரண்டு வார்த்தை பேசு. அவர் உன்னைத் தன் கூடப்பிறந்தவனாக நினைப்பவர்.

அக்கா

*

தம்பிக்கு,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஆகையால் மறுபடியும் கடிதம்.

அன்றைக்கு அந்த அறையில் நடந்தது உனக்கு முழுசாகத் தெரிந்திருக்காது. உன் திரையில் விசாரணை அதிகாரியின் மேஜை மட்டும்தான் தெரிந்திருக்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

சின்ன அறை. ஏ.சி. ஒழுகி, அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. நானும் உன் அத்தானும் பின்வரிசையில். அதிகாரி ஒரு வயதான அம்மாள். அவருடைய கண்ணாடியில் படிக்கிற பாகம் கொஞ்சம் தூக்கலாக வைத்திருந்தது. யாரோ அவசரத்தில் அளவெடுத்திருக்கிறார்கள். அதனால் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் தாடையை நெஞ்சில் இடித்துக்கொண்டு பார்த்தார். மனசு எங்கெல்லாம் ஓடி ஒளிகிறது பார், அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வக்கீல் எழுந்து, தங்கள் தரப்பு வல்லுநர் வெளிநாட்டிலிருந்து திரையில் வருகிறார் என்றார். சுவரில் இருந்த டி.வி.யில் முதலில் ஒரு புத்தக அலமாரி தெரிந்தது. அப்புறம் ஒரு நெற்றி. அப்புறம் நீ.

தாடி விட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது.

உன் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை. என் காதோடு சொன்னார்: “வந்துட்டான் பாரு. நான் சொன்னேன்ல, விடமாட்டான்னு.”

வக்கீல் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. நீ நமக்காக வந்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டார்.

நீ பேச ஆரம்பித்தாய். வக்கீல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார், நீ ஒவ்வொன்றாகத் தள்ளினாய். ஏரியா என்று கேட்டார். இல்லை, ஏரிக்கு நீர் வந்து சேர வாய்க்கால் வேண்டும், மிச்சம் வெளியேற வழி வேண்டும் என்றாய். குளமா என்றார். குளம் என்றால் ஜனங்கள் புழங்குவதற்காகவே வெட்டியிருக்க வேண்டும் என்றாய். குட்டைக்கு இந்த ஆழம் கிடையாது என்றாய். சுனைக்கு ஊற்று வேண்டும், மடு ஆற்றுக்குள் இருக்கும், பொய்கை மனிதன் தோண்டாமல் தானாக அமைந்தது என்றாய். அதிகாரி அம்மாள் தாடையை இடித்துக்கொண்டு ஆர்வமாகக் கேட்டார். நன்றாகத்தான் பேசுகிறாய். உன் மாணவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

“அப்ப அது என்னதான் சார்?” என்றார் வக்கீல்.

“குழி. தண்ணி நின்னாலும் குழி குழிதான்” என்றாய் நீ.

உன் அத்தானின் கை என் கைமேல் அப்படியே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார். ஆனால் அதில் இருந்த பிடி போய்விட்டது.

வக்கீலம்மாவிடம் குனிந்து, அது என் தம்பி என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, “நீங்க எழுந்து இதச் சொன்னா அவர் சாட்சியம் நிக்காது. ஆனா மறைச்சாருன்னு அவருக்கு அங்க பிரச்சினை வரும். யோசிச்சுக்கோங்க” என்றார். உன் அத்தான் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அவன் பிழைப்பு போய்விடும், பிள்ளைகுட்டிக்காரன் என்றார். அந்த நேரத்திலும் உனக்காகத்தான் பேசினார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் யோசிக்கவில்லை. எழுந்தேன்.

“அம்மா, திரையில பேசறவர் என் கூடப்பிறந்த தம்பி. அந்தத் தண்ணியில செத்தது அவரோட அக்கா பொண்ணு.”

நீ என் குரலைக் கேட்டுவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்னைத் தேடினாய். உன் கண் என்மேல் விழவே இல்லை. கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துவிட்டது. சிக்னல் போய்விட்டது என்றார் வக்கீல். சிக்னல்தான் போனதா, நீயே அணைத்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ என்ன பதில் சொன்னாலும் அதை நம்புகிற நிலையில் நான் இல்லை.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். செய்யச் சொன்ன நாளில் செய்துவிட்டாய், அதில் குறை சொல்ல முடியாது. என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே அக்கா என்றாய். அந்தக் கம்பெனிக்கு ஆலோசகனாக முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன், பின்வாங்க வழியில்லை என்றாய். குழி என்று சொன்னால் கம்பெனிக்குத்தான் கெட்ட பேர், அக்காவுக்கு நல்லதுதானே என்று நினைத்ததாகவும் சொன்னாய். நினைத்திருக்கலாம். ராத்திரி தூக்கம் வருவதற்கு மனுஷன் என்னென்னவோ நினைத்துக்கொள்கிறான். கடைசியில், ‘நான் ஒரு பொய்யும் சொல்லலையே’ என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன்.

அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். நீ பொய் சொல்லவில்லை. சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. அவளுக்கு அந்தச் சொல் ஒரு வருஷத்துக்கு முன்னால் தேவைப்பட்டது. அன்றைக்கு யாராவது ஒருவர் அந்த நடைபாதையில் குழி என்று எழுதி வைத்திருந்தால் அவள் செருப்பைக் கழற்றியிருக்க மாட்டாள். வாசலில் ஏரி என்று எழுதியிருப்பது உனக்குத் தெரியும், நான்தான் எழுதியிருந்தேனே. அதைப் பற்றி உன்னை யாரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாய்.

எப்படி முடிந்தது என்று யாராவது உனக்குச் சொன்னார்களோ என்னவோ. உன் சாட்சியத்தைத் தள்ளிவிட்டார்கள். அடுத்த விசாரணைக்குக் கம்பெனி இங்கேயே ஒருவரைப் பிடித்து வந்தது. தொப்பையும் கோப்புமாக வந்தவர், உன் அளவு அழகாகப் பேசத் தெரியாவிட்டாலும், நீ சொன்னதைத்தான் சொன்னார். அது ஏரி இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. ஏரியின் விதி பொருந்தாது. கம்பெனி கம்பி வேலி போட்டால் போதும். நீ வராமலே இருந்திருந்தாலும் நாங்கள் தோற்றிருப்போம் தம்பி. உன் கம்பெனிக்கு உன்னால் லாபமும் இல்லை, எனக்கு உன்னால் இருந்த ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

வேலி போட்டுவிட்டார்கள். வேலியில் ‘ஆழமான குழி, அருகில் செல்லாதீர்’ என்று ஒரு தகரப் பலகை. வாசலில் ‘ஏரிக்கரை வீடுகள்’ அப்படியே இருக்கிறது. வக்கீலம்மா கேட்டதற்கு, அது வியாபாரப் பேர், தண்ணீரின் பேர் இல்லை என்றார்களாம். உன் அத்தான் இரண்டு பலகைக்கும் நடுவில் போய் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வருகிறார். வேலையை விட்டுவிடச் சொன்னேன். ‘அங்க நான் ஒருத்தன் போயிட்டு வந்தாத்தான் அவளுக்குத் துணை’ என்றார்.

இப்போது உன் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். செத்தது உன் அக்கா மகள் என்று சாட்சி சொல்லும்போதே உனக்குத் தெரியுமா என்று. நேற்று உன் மனைவி போன் செய்தாள். அண்ணி அண்ணி என்று அழுதாள். அவருக்குத் தெரியாது, எந்த இடம் என்று கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள். சொல்லச் சொன்னது நீதான் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் பொய் எழுதமாட்டேன். நிஜத்தையும் இதுவரை எழுதவில்லை. எனக்கு முன்னால் நீயே அதை எழுது. நீ எழுதி அனுப்பினால், இதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று நான் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். உன்னைக் கவிழ்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. எனக்கு எதன்மேலும் ஆசை இல்லை.

ஒன்றே ஒன்றை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன் அத்தானிடம்கூட. அத்தனை தண்ணீருக்கும் அத்தனை பேர் சொல்லிக்கொண்டே போனாயே, நடுவில் ஓரிடத்தில் அவளைக் குறிப்பிட வேண்டி வந்தது. ‘சம்பந்தப்பட்ட நபர்’ என்றாய். நீ தடுமாறவில்லை, இருமவில்லை, தண்ணீர் எடுத்துக் குடிக்கவில்லை. மாமா ஊரிலிருந்து வருகிறார் என்றால் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஸ்டேஷனில் வந்து நிற்பாளே, அந்தப் பெண்ணை. வழக்கு தோற்றது எனக்குப் பழகிவிடும். இது பழகமாட்டேன் என்கிறது.

நீ எழுதப்போகும் விளக்கத்தில் உன்னை எப்படி வேண்டுமானாலும் காப்பாற்றிக்கொள். ஆனால் அவளைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அக்கா மகளை என்ன சொல்லிக் கூப்பிடுவார்களோ அதை எழுது. நீ கற்ற சொற்களில் அதுவும் ஒன்றுதான். அங்கே இருப்பவர்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும். மனசாரத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு
உன் மருமகளின் அம்மா